ஆனியில் வந்த பிறந்தநாள்

நம்மில் ஒருத்தி சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்தாள். மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறாள். "வாற செவ்வாய் எனக்குப் பிறந்தநாள். பிள்ளையள் எங்கையாவது கூட்டிக்கொண்டு போகப்போகினமாம். இந்தக் கோலத்திலை வெளிக்கிட்டுப் போறது சரியோ எண்டு யோசிக்கிறன். நீ என்ன சொல்லுறாய்?" என்றாள். போ என்று ஒரு சொல்லில் சொல்லி முடித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு, சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று பட்டது. அதை அவளுக்கும், எங்கள் வயதில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயது ஆவணி மாதத்தில் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிறந்தநாள் ஆனியிலேயே வந்துவிட்டது. ஆவணி வரையில் நான் இருப்பேன் என்று என் வீட்டில் எவருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. ஆகவே முந்திக் கொண்டாடினார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. கழுத்தில் மை பூசிய ஒரு சிறுமிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகக் கிடைத்தது என்பது மட்டும் தெரியும்.

அந்த வருடம் மாசியில், புத்தூரில் எங்கள் தோட்டத்துப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நாட்களில், என் கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி தோன்றியது. நோவு இல்லை. அம்மா, நெறி கட்டியிருக்கிறது என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். அது வற்றுவதற்குப் பதிலாக, பக்கத்தில் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஆஸ்பத்திரி, ஒரு சிறிய வெட்டு, ஒரு மாதக் காத்திருப்பு. அதன் பின் வடக்குப் பக்கம் இருந்த வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நோயாளர் படுக்கும் ஒரு வாட்டு இருந்தது. அந்த வாட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே நோய்தான். அதன் பெயரை எங்கள் வீட்டில் எவரும் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்று மட்டும் சொல்வார்கள்.

எங்கள் ஊரிலிருந்து 'அந்த வருத்தம்' வந்து அங்கே போனவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்து தோட்டம் செய்தவர்கள் இருக்கவில்லை. பெரிய டொக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, கழுத்தில் வருகிற இந்த வகைக்குக் கரண்ட் பிடித்தால், அதாவது கதிர்ச் சிகிச்சை செய்தால், நல்ல குணம் கிடைக்கும், பயப்பட வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்து அம்மாவிடம், "அவர் நல்ல மனிசன். பெத்ததுகளுக்கு முன்னாலை வேறை என்னத்தைத்தான் சொல்லுவார்" என்றாராம். உண்மை சொன்ன மனிதரை, இரக்கத்தால் பொய் சொன்னவராக எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் கெட்ட செய்தியை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள் அல்லவா? அந்தப் பழக்கத்தின் மறுபக்கம் இது. நல்ல செய்தியை நேரே சொன்னாலும் அவர்களால் நம்ப முடிவதில்லை.

கரண்ட் பிடிப்பதற்கு முன் கழுத்திலும் மார்பிலும் ஊதா மையால் கோடுகள் கீறினார்கள். எந்த இடத்தில் கதிர் படவேண்டும் என்பதற்கான எல்லைக் கோடுகள் அவை. சிகிச்சை முடியும்வரை அவை அழியக்கூடாது. ஆகவே எனக்கு முழுக்கு இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வீசுகிற காலம். அம்மா ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்துவிடுவார். கழுத்துக்கு வந்ததும், ஒரு வீட்டு வாசலில் கோலத்தைக் கண்டவரைப் போல விலகிப் போவார். என் உடலில் எனக்கே ஒரு வாடை அடித்தது. பழைய சாக்கின் வாடை. இன்றைக்கும் வெங்காயம் கட்டும் சாக்குகளுக்குப் பக்கத்தில் போனால் அந்த ஆனி மாதம் முழுவதும் என்னைச் சூழ்ந்துகொள்ளும்.

வாயில் எதை வைத்தாலும் இரும்பின் சுவை. தொண்டை வெந்து, சோற்றுப் பருக்கை முள்ளாக இறங்கியது. எனக்கென்று ஒரு மூக்குப்பேணி ஒதுக்கியிருந்தார்கள். அந்த வருத்தம் தொற்றும் என்று பயம். வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கென்றே மூக்கு வைத்துச் செய்த பாத்திரம் அது. அதிலும் எனக்கு ஒரு தனிப் பேணி. ஆனால் கழுத்தை நிமிர்த்த முடியாததால் நான் அதன் மூக்கை வாயில் வைத்துத்தான் உறிஞ்சினேன்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு விளங்காமல் இருந்தது வேறொன்று. அம்மா என்னை ஏசுவதை நிறுத்தியிருந்தார். என் அம்மா ஏச்சில் ஊரறிந்தவர். நான் பாடசாலையிலிருந்து வந்து புத்தகத்தை எறிந்தால் ஓர் ஏச்சு, கிணற்றடியில் செருப்பை விட்டால் ஓர் ஏச்சு, ஏசும்போது சிரித்தால் அதற்கும் தனியாக ஒன்று. அந்த வாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சுடுசொல் இல்லை. ஒரு தடவை வேண்டுமென்றே கஞ்சியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். "பரவாயில்லை குஞ்சு" என்று சொல்லிக் குனிந்து துடைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

பிறந்தநாள் பேச்சு ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் அப்பாவும் மாமியும் வந்திருந்தார்கள். மாமி அப்பாவின் தமக்கை. இளமையில் கணவரை இழந்து எங்களோடு இருந்தவர். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் படலையைத் தாண்டாதவர்.

"வாற ஞாயிறு பிள்ளைக்குப் பிறந்தநாள்," என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லையே அப்பா. நல்லூரிலை கொடி ஏறினாப் பிறகெல்லோ என்ரை பிறந்தநாள் வாறது. கொடி இன்னும் ஏறேல்லையே," என்றேன்.

ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாள் நல்லூர்த் திருவிழாவோடு சேர்ந்துதான் வரும். வீதி மணலில் நடந்து, பலூன் கட்டிய அம்மம்மாக் குழல் ஒன்று வாங்கி, வீடு வரும்வரை ஊதி எல்லோருடைய காதையும் கிழித்தால்தான் எனக்கு ஒரு வயது கூடியதாகக் கணக்கு. இதற்குப் பதில் சொல்ல மாமிதான் முன்னுக்கு வந்தார்.

"ஏன், நட்சத்திரம் வருசத்துக்கு ஒருக்காத்தான் வருமோ? அத்தம் மாதாமாதம் வரும். ஆனியிலை வாற அத்தமும் உன்ரை அத்தந்தான்."

"அப்ப போன வருசம் ஏன் ஆனியிலை செய்யேல்லை?"

"போன வருசம் உனக்கு ஒன்பது. பத்தைத்தான் முந்திச் செய்யவேணும். அது முறை."

அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் இல்லை. புரட்டும் முன் பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்தப் பெண், என் முகத்துக்கு நேரே புதிதாக ஒரு சாத்திரம் உண்டாக்கினார். அந்த ஞாயிறு உண்மையில் அத்த நட்சத்திரமா என்பதைக்கூட நான் ஒருபோதும் பார்த்ததில்லை. இப்போது கைத்தொலைபேசியில் எந்த வருடத்து எந்த நாளின் நட்சத்திரத்தையும் ஒரு நொடியில் பார்க்கலாம். விரல் போனதுண்டு, பார்க்காமல் திரும்பியிருக்கிறேன்.

"எங்கை போக விருப்பம், பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"கீரிமலைக்கு. கேணியிலை தோயவேணும்."

மாமி முந்தானையை இழுத்துச் செருகினார். "நல்லாயிருக்கு. அந்தியேட்டிக்குப் போற இடத்துக்கே பிறந்தநாளுக்குப் போறது?"

செத்தவருக்கு மாதம் முடிந்ததும் செய்கிற கிரியைக்காக எங்கள் ஊரவர்கள் கீரிமலைக்குத்தான் போவார்கள். எனக்கு அது நினைவிலில்லை. கடல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அதன் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறி நிறையும் கேணிதான் என் நினைவில் இருந்தது.

அப்பா, "அவள் கேட்டதைச் செய்வம், அக்கா," என்றார்.

மாமியை ஒரு வசனத்தில் அப்பா வாயடைக்கச் செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் வெளியே போக விடுகை கேட்டதற்கு வாட்டு மிஸி ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் சொல்வோம். மெலிந்த, வேகமாக நடக்கும் பெண். என் கட்டிலருகே நின்று அம்மாவின் முகத்துக்கு விரலை நீட்டிச் சொன்னார்: "இடுப்புக்கு மேலை ஒரு சொட்டும் படக்கூடாது. கோடு அழிஞ்சால் திரும்ப அளந்து கீறவேணும். அதுவரைக்கும் கரண்ட் நிண்டுபோம். நிக்கக்கூடாத நேரத்திலை நிண்டால் பிள்ளைக்குத்தான் கூடாது. விளங்குதோ அம்மா?"

"விளங்குது மிஸி," என்றார் அம்மா, பாடசாலைப் பிள்ளையைப் போல.

ஞாயிறு காலை அப்பா ஒரு வாடகைக் காரில் வந்தார். பச்சை நிறமான பழைய 'ஏ போர்ட்டி' வகைக் கார். இருக்கைத் தோல் வெடித்து, உள்ளிருந்து தும்பு எட்டிப் பார்த்தது. அம்மா எனக்குக் கழுத்து உயர்ந்த வெள்ளைச் சட்டை போட்டு, அதற்கு மேல் தன் பழைய பட்டுச்சேலையில் கிழித்த ஒரு துண்டைச் சுற்றிவிட்டார். அரக்கு நிறம். பருத்தி வெந்த தோலை உரசும், பட்டு உரசாது. சேலையைக் கிழித்தபோது அம்மாவின் முகத்தில் சிறு தயக்கமும் இருக்கவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அது அவருடைய கூறைச்சேலை.

கார் வெங்காயத் தறைகளையும் பனங்கூடல்களையும் கடந்து கடற்கரைப் பக்கம் திரும்பியது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். பல கிழமைகளுக்குப் பிறகு இரும்பல்லாத ஒரு சுவை.

கீரிமலைக்குத் திரும்பும் முன் அப்பா காரை ஒரு ஸ்ரூடியோவுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். உள்ளே கறுப்புத் துணி, ஒரு கதிரை, மரச்சாடியில் கடதாசிப் பூக்கள். என்னை மட்டும் கதிரையில் இருத்தினார்கள்.

"அம்மாவும் வரட்டும்," என்றேன்.

"இல்லைப் பிள்ளை, நீ தனிய இரு. தனியத்தான் வடிவாயிருக்கும்," என்றார் அப்பா. படக்காரர் என் நாடியை உயர்த்தப் பார்த்து, கழுத்து வலிக்க நான் முனகியதும் கையை எடுத்தார்.

மாமி சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முன்னே வந்து அம்மாவின் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். "உதென்ன படம்? ஒற்றைப் பிள்ளை ஒற்றைக் கதிரையிலை. நீ போய்ப் பக்கத்திலை நில். தம்பி, நீயும் போ."

"அக்கா, நான் என்னத்துக்கெண்டால்..."

"என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியும். போ எண்டுறன்."

அப்பா போய் நின்றார். எங்கள் வீட்டுச் சுவரில் ஒருவர் தனியாக இருந்த படங்கள் எல்லாமே மாலை போட்டவை, செத்தவர்களுடையவை. அப்பா எதற்காக என்னைத் தனியாகப் படம் பிடிக்க விரும்பினார் என்பதும், மாமி அதை எதற்காகக் குழப்பினார் என்பதும், நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகே எனக்கு விளங்கின. அந்தப் படம் போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டது. வீட்டோடு, சுவரோடு, ஆணியோடு போனது. உலகத்தில் தொலைந்த பொருள்களில் ஒன்றைத் திரும்பத் தருவதாக எவராவது சொன்னால், நகையையோ காணி உறுதியையோ கேட்கமாட்டேன். இந்தப் படத்தைக் கேட்பேன். மூன்று பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்ற படம் அது. மாமியும் நின்றார். அப்பா வற்புறுத்தவில்லை, மாமி தானாகவே வந்து கதிரையின் பின்னால் நின்றார்.

கீரிமலைக் கோயிலுக்குள் என்னால் போக முடியவில்லை. முழுகாமல் எப்படி உள்ளே போவது? மாமி மட்டும் அர்ச்சனைத் தட்டோடு போனார். நான் வெளி வீதியில் ஒரு மரத்தடியில் அப்பாவோடு இருந்தேன். அப்பா காரில் கொண்டுவந்த நுங்குக் குலையைக் கத்தியால் சீவி, ஒவ்வொரு கண்ணாகப் பெருவிரலால் தோண்டி என் வாயில் வைத்தார். நுங்கு தொண்டையில் உரசாமல் வழுகியது. குளிர்ச்சி நெஞ்சுவரை இறங்கியது.

"எப்பிடி இருக்கு?"

"இனிக்குது அப்பா."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இனிப்புத் தெரியுதோ?"

"கொஞ்சம்."

அப்பா குலை முழுவதையும் சீவினார். என்னால் அவ்வளவும் உண்ண முடியாது என்று சொல்லியும் சீவிக்கொண்டே இருந்தார். மிச்சத்தைக் கார்க்காரரும் மாமியும் வழியில் போனவர்களும் உண்டார்கள்.

பெண்களின் கேணி மதிலுக்குள் இருந்தது. படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் பச்சையாக மறைந்தன. நெஞ்சுக்கு மேல் முடிந்த குறுக்குக்கட்டோடு பெண்கள் சிலர் தோய்ந்துகொண்டிருந்தார்கள். சிறுமிகள் மேற்படியிலிருந்து குதித்தார்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் அம்மா திடுக்கிட்டார். பட்டுத்துண்டு மட்டும் கழுத்திலும் மார்பிலும் கிடக்க, என் சட்டையைக் கழற்றி, என்னைக் கீழ்ப்படி ஒன்றில், இடுப்பளவு தண்ணீரில் இருத்தினார். மாற்றுடை கொண்டுவராதவர், சேலையோடு தானும் இறங்கினார். எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து நின்றார்.

அந்தத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது? நீங்களும் அதில் தோய்ந்தவர்கள்தான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் முழுகாத தோலோடு நீங்கள் அதில் இறங்கியதில்லை. கால் விரல்களுக்கிடையில் அது நுழைந்தபோது என் கால்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. பிறகு முழங்கால்கள், பிறகு தொடைகள். ஒரு பாதி மட்டும் நோயாளியாகவும் மறுபாதி பழைய சிறுமியாகவும் அந்தப் படியில் இருந்தேன்.

பருத்த பெண்மணி ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, குழந்தையைப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறாய்? கேணித் தண்ணி கடிக்குமே?"

"தடிமன், அக்கா. சளியும் இருக்கு," என்றார் அம்மா.

"தடிமனெண்டால் வீட்டிலையெல்லோ வைச்சிருக்கவேணும்."

"பிறந்தநாள். கேட்டு அழுதவள்."

"அப்பிடியோ." அவர் திரும்பி, குதிக்கும் சிறுமிகளைப் பார்த்து, "எடியே குரங்குகள், அங்காலைப் பக்கம் போய்க் குதியுங்கோ. இஞ்சை ஒரு பிறந்தநாள்காரி இருக்கிறா. அவவுக்குத் தெறிச்சால் உங்கடை காதைத் திருகுவன்," என்றார்.

நான் சிரித்தேன். சிரித்த வேகத்தில் முன்னால் சாய்ந்து, தண்ணீருக்கடியில் கையை விட்டுப் பாசியைத் தொடப் பார்த்தேன். படி வழுக்கியது. தண்ணீர் நெஞ்சுவரை ஏறியது. அம்மா என் தோளைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். பட்டுத்துண்டு அவிழ்ந்து விழுந்தது.

"எருமை," என்றார் அம்மா. "படி வழுக்கும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கண்ணை எங்கை வைச்சிருக்கிறாய்? சொன்னாக் கேக்கிற பழக்கம் உனக்குப் பிறந்ததிலை இருந்து இல்லை. விசரி, உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனே, என்னைச் சொல்லவேணும்."

கேணிச் சுவர்களில் பட்டு அந்த ஏச்சு எதிரொலித்தது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறோம் என்று அவருக்கும் உறைத்தது. வாயைப் பொத்தினார். பிறகு, பொத்திய கைக்குள்ளேயே சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். தொண்டை நொந்தது, நிறுத்த முடியவில்லை. பழைய அம்மா வந்துவிட்டார், ஆகவே எனக்கு ஒன்றுமில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு, பெரிய டொக்டர் தவிர மற்ற எல்லோருடைய முடிவையும் விடச் சரியாக இருந்தது.

மார்பின் கீழ்க்கோடு நனைந்து ஊதாத் தண்ணீர் வயிற்றில் வழிந்தது. அம்மா பதறி முந்தானையால் துடைக்கப் போனார். அந்தப் பருத்த பெண்மணி எட்டி அவர் கையைப் பிடித்தார். "துடையாதை. ஒத்து," என்றார். தன் பையிலிருந்து காய்ந்த துவாய் ஒன்றை எடுத்து அவரே ஒத்தினார். கழுத்திலிருந்து மார்புவரை இருந்த கோடுகளை அவர் கண்டார். எழுந்து, அம்மாவின் பக்கத்தில், அம்மா நின்றதைப் போலவே தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். காலை மட்டும் ஆட்டட்டும்," என்றார். அவரோடு வந்த இரண்டு பெண்களும், சொல்லாமலே வந்து வரிசையில் சேர்ந்தார்கள். ஈரச் சேலைகளின் மதிலுக்குள் இருந்து நான் காலை ஆட்டினேன். அவர்கள் விலை, வெயில், மருமக்கள் என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மரத்தடிக்குத் திரும்பியபோது மாமி திருநீற்றை என் நெற்றியில் பூசினார். வீட்டில் பொங்கிக் கொண்டுவந்த பால்புக்கையைப் பிசைந்து தந்தார். தண்ணீர் குடிக்க மூக்குப்பேணி ஒன்றுதான் வந்திருந்தது, என்னுடையது. அம்மா அவசரத்தில் மற்றவற்றை மறந்திருந்தார். நான் உறிஞ்சி முடித்ததும் மாமி அதை வாங்கிப் பார்த்தார். கழுவ என்று எழுந்தவர், கழுவாமலே தண்ணீர் வார்த்து, அண்ணாந்து குடித்து, அப்பாவிடம் நீட்டினார். சோளகக் காலத்தில் வடக்குக் கடலில் அலை இராது. அன்றைக்கும் அது ஒரு பெரிய பாயைப் போல அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நாலு பேரும் ஒரே பேணியில் குடித்தோம்.

திங்கட்கிழமை மிஸி என் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இது எப்பிடி அழிஞ்சது?" என்றார்.

"வேர்வை, மிஸி."

"ஆனி மாத வேர்வை பாசி மணக்குமோ?"

அம்மா நிலத்தைப் பார்த்தார். மிஸி மைக்குச்சியை எடுத்துக்கொண்டு டொக்டரைக் கூப்பிடப் போனார். ஓரக்கோடு ஒன்றுதான் என்பதால் அன்றைக்கே அளந்து கீறிவிட்டார்கள். கரண்ட் நிற்கவில்லை. நான் மேசையில் தனியே படுத்து, மேலே அந்த இயந்திரம் இரைவதைக் கேட்டுக்கொண்டு, கால்விரல்களை ஆட்டியபடி இருந்தேன்.

அம்மா இல்லை. அப்பா இல்லை. மாமி இல்லை. மூவரும் என்னைப் பற்றிக் கவலைப்பட்டதில் பாதியையாவது தங்களைப் பற்றிப் பட்டிருந்தால் இன்னும் சில காலம் இருந்திருக்கலாம். அவர்களில் எவர் வாழ்ந்த வயதையும் நான் கடந்துவிட்டேன். பிறகு எத்தனையோ பிறந்தநாள்கள் வந்தன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கேக்குக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்புகிறேன். எல்லாம் நல்ல நாள்கள்தான். ஆயினும் நான் மனத்தால் திரும்பிப் போவது, பொய்யாக உண்டாக்கிய அந்த ஒரு நாளுக்குத்தான். அன்றைக்குப் போல எவரும் என்னை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. இனி அப்படிப் பார்க்க எவரும் இல்லை. அவர்களுக்கு அது எவ்வளவு கொடிய நாளாக இருந்திருக்கும் என்று தெரிந்த பிறகும், அந்த நாளைத் திரும்பத் தா என்று கேட்கிற மனத்தை என்னால் அடக்க முடியவில்லை.

கரண்ட் ஆடியில் முடிந்தது. கட்டிகள் கரைந்து, நான் புத்தூருக்குத் திரும்பினேன். நல்லூரில் கொடி ஏறியது. எங்கள் வீட்டோரத்து ஒழுங்கையால் ஆட்கள் திருவிழாவுக்குப் போய் வந்தார்கள். ஆவணியில் ஒரு நாள் காலை, வீட்டில் எவரும் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா விடியுமுன் தோட்டத்துக்குப் போயிருந்தார். மாமி கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சீயாக்காய் தேய்த்தார். முழுக வார்க்கலாம் என்று டொக்டர் அந்தக் கிழமைதான் அனுமதித்திருந்தார். கழுத்தில் மிச்சமிருந்த மை நுரையோடு கரைந்து வாழையடிக்கு ஓடியது.

மாமி திரும்பி வந்து கிணற்றடியில் நின்றார். கையில் அர்ச்சனைத் தட்டு. உடைத்த தேங்காய், வெற்றிலை, பூ.

"ஆருக்கு மாமி அர்ச்சனை?" என்றேன்.

மாமி தட்டை மற்றக் கைக்கு மாற்றினார்.

"இண்டைக்கு அத்தமோ?"

"ஓம்."

"அப்ப எனக்கு இண்டைக்குத்தான் பத்தோ?"

மாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை தேய்க்கும் கையை நிறுத்தவில்லை. "இண்டைக்குத்தான், பிள்ளை," என்றார் மாமி.

"அப்ப ஆனியிலை செய்தது?"

சொன்ன சொல்லை ஒருபோதும் மாற்றாத மாமி, தட்டைத் துவைக்கிற கல்லில் வைத்தார். தோளில் கிடந்த முந்தானையைச் சரிசெய்தார். "அப்ப எங்களுக்கு அவசரமாயிருந்தது," என்றார்.

என்ன அவசரம் என்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மா ஒரு வாளி தண்ணீரை உச்சந்தலையில் ஊற்றினார். அது முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் தடையின்றி ஓடியது. "கண்ணை மூடு, எரிக்கும்," என்றார். மூடினேன். அடுத்த வாளி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கேட்க நேரம் தராமல், அம்மா அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டேயிருந்தார்.